இரண்டு விரல் பாக்கி

"டிரம்செட் சத்தம் கேட்டா ஆடும், மத்தபடி சாது"
என்று சொல்லிக் கயிற்றைக் கொடுத்தார் ஞானப்பிரகாசம்.

ஒன்பது வருடம் மாப்பிள்ளைகளைச் சுமந்தவள் ஜிமிக்கி.
பாபநாசத்திலிருந்து அய்யம்பேட்டை வரை
எத்தனை மண்டப வாசலில்
தலையை வானத்துக்குத் தூக்கி, முதுகைக் குழித்து
முன்கால் மாற்றி முன்கால் வைத்திருப்பாள்.
வீடியோவில் அழகுதான்.
ஏறி உட்கார்ந்தால்
நாடா தொய்ந்த கட்டில்.

நான் நெல் கொள்முதல் நிலையத்தில் பில் போடுகிறவள்.
எடை மட்டும்தான் எனக்குப் புரியும்.
சும்மா நிற்கும் குதிரைக்கு
முன்னால் ஆறு பங்கு பாரம், பின்னால் நாலு.
இவளுக்கு ஏழும் மூன்றும்.
அந்த ஏழிலும் பெரும்பகுதி வலது தோளில்,
அவர் எப்போதும் அந்தப் பக்கம்தான்
கடிவாளத்தைப் பிடித்து நடந்திருக்கிறார்.

பங்குனியில் குடமுருட்டி வெறும் மணல்.
நடுவில் கால் புதையும்; கரையோரம் கொஞ்சம் இறுகியிருக்கும்.
சாக்குத் தைக்கும் நூலில் குச்சியைக் கட்டி
இருபது தப்படி அகலத்தில் வட்டம் வரைந்தேன்.
அவள் போட்டது முட்டை.
மறுநாளும் முட்டை.
இழுக்கவில்லை. விரலை மட்டும் மூடி
என் மூச்சை இடுப்புக்கு இறக்கினேன்.
உள்ளங்காலில் பாதி நேரம் நடுக்கம், எனக்கு.

பிறகு பாம்பு வளைவு.
இடமிருந்து வலம் திரும்பும் அந்த ஒரு நொடியில்
எந்தப் பக்கமும் சாயாமல் நேராக இருக்கவேண்டும்.
அந்த நொடியை அவள் தாண்டிக் குதித்துவிடுவாள்,
சில்லறை கேட்டதும் கண்டக்டர் நகர்வதுபோல.
நட. நில். நட. ஓடு. நட. நில்.
நிற்கும்போது நாலு காலும் நாலு மூலையில் இல்லை,
ஒரு பின்கால் எங்கோ கடைவீதிக்குப் போயிருக்கும்.

பந்தல்காரரிடம் நாலு மூங்கில் வாடகைக்கு எடுத்தேன்.
"என்னக்கா, கல்யாணமா?"
மூங்கிலுக்கு மூங்கில் நாலரை அடி.
முதல் நாள் மூன்றை உதைத்தாள், ஒன்றின் மேல் நின்றாள்.

மூட்டை தூக்கும் அமலன் கரைமேல் பரோட்டா தின்றுகொண்டே
பார்த்துவிட்டுச் சொன்னான்:
"இது முதுகால தூக்குதுக்கா.
எங்கள்ல புதுசா வர்றவனும் அப்படித்தான்,
ஒரே சீசன்ல படுத்துருவான்.
பின்னாடி குந்தி எழுந்திரிக்கணும்."

எங்கள் ஊரில் மலை கிடையாது.
மேடு என்றால் ஆற்றங்கரைதான், பத்தடி.
அதில் ஏற்றினேன், இறக்கினேன்,
பாதியில் நிறுத்தி இரண்டடி பின்னுக்கு நடத்தினேன்.
குந்துவது என்றால் என்னவென்று
அவளுடைய தொடைக்கு அந்தச் சரிவு சொன்னது.

தினமும் பயிற்சி முடிந்ததும் இறங்கித் தடம் அளப்பேன்.
முன்கால் விட்ட குழியில் பின்கால் வந்து விழவேண்டும்.
சித்திரையில் ஒரு சாண் குறை.
வைகாசி பத்தில் நாலு விரல்.

ஒரு முகூர்த்த நாள் சாயங்காலம்
பாலத்தின்மேல் டிரம்செட் வந்தது.
காது நிமிர்ந்தது. தலை போயிற்று. முதுகு போயிற்று.
இரண்டு மாதமும் போயிற்று என்று நினைத்தேன்.
திட்டவில்லை. காலை மட்டும் ஒட்டி வைத்தேன்.
மூன்று அடி. மூன்றே அடி
எனக்குக் கீழே முதுகு உப்பி எழுந்தது,
பின்கால்கள் வயிற்றுக்கடியில் வந்து தாளம் போட்டன.
அப்புறம் பழைய ஆட்டம்தான்.
மேலே எவனோ செல்போனில் படம் எடுத்தான்,
அந்த மூன்று அடி அதில் இருக்காது.

ஆனி இரண்டாம் தேதி மேட்டூர்த் தண்ணீர் வந்தது.
சருகும் நுரையும் ஒரு செருப்பும் முன்னால் வர
நடக்கும் வேகத்தில்தான் வந்தது.
நான் இடப்பக்க வட்டத்தை அப்போதுதான் முடித்து
மண்டியிட்டு அளந்துகொண்டிருந்தேன்.
குழிக்குள் குழி. குறையே இல்லை.
வலப்பக்கம் இரண்டு விரல் பாக்கி.
அமலன் மூங்கில்களைத் தூக்கிக்கொண்டு கத்தினான்,
"ஏறுக்கா!"

கரைச் சரிவில்
ஜிமிக்கி ஒருமுறைகூடச் சறுக்கவில்லை.
கீழே வட்டத்துக்குள் தண்ணீர் புகுந்து
கொஞ்ச நேரம் வட்டமாகவே நின்றது.

நாளையிலிருந்து கரைமேல்தான்.
அகலம் எட்டடி. வலப்பக்கம் ஆறு.